விக்குகிற இடம்

தில்லைநாதனின் வாசிப்பில் பிழை பிடித்தவர் எவரும் இல்லை. இதை அவரே நாலு பேருக்குச் சொல்லிக்கொள்வார் என்பதற்காக நம்பாமல் விடவேண்டாம், உண்மையும் அதுதான். சென்னைக்குப் போய் நான்கு வருஷம் வயலின் படித்துவிட்டுத் திரும்பிய நாளிலிருந்து, கொழும்பு வானொலியில் முதல்தரக் கலைஞராக இருந்த பதினொரு வருஷமும், யாழ்ப்பாணத்துக் கோயில் மேடைகளில் பெரிய பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காலமெல்லாமும், ஒரு சுரம் விலகிப்போயிற்று என்று யாரும் வாய் திறந்ததில்லை. எழுபத்தெட்டாம் ஆண்டு ஒரு பத்திரிகைக்காரர் 'அப்பழுக்கில்லாத வாசிப்பு' என்று எழுதிவிட்டார். அந்தத் துண்டை வெட்டி வயலின் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் ஒட்டிவைத்தார். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அதைப் பார்ப்பார், பிறகுதான் வயலினை எடுப்பார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது அவரும் நடந்தார். மழை. மனைவி விமலேஸ்வரி ஒரு சாக்கில் அரிசியையும் இரண்டு சட்டியையும் கட்டித் தலையில் வைத்திருந்தாள். அவர் பெட்டியை உடுக்கிற சாரத்தால் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"மற்றச் சனம் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போகுது. நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாறியள்" என்றாள் விமலேஸ்வரி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

கிளிநொச்சியில் எட்டு மாதம் இருந்தார்கள். அங்கிருந்தும் ஓடவேண்டி வந்தபோது புதுக்குடியிருப்புக்கு வந்து, ஒருவருடைய தென்னங்காணியின் மூலையில் கிடுகுக் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். விமலேஸ்வரி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். தில்லைநாதன் காலையும் மாலையும் சாதகம் செய்தார். வயலின் தந்தி அறுந்தபோது புதிது வாங்க வழி இருக்கவில்லை. ராணுவத் தடையால் வவுனியாவுக்கு இந்தப் பக்கம் அது வராது. சைக்கிள் பிறேக் கம்பியில் ஓர் இழையைப் பிரித்தெடுத்துப் பூட்டினார். அதிலும் அவருடைய சுரம் சுத்தமாகத்தான் வந்தது. கெட்டிக்காரர்தான், அதில் பேச்சுக்கு இடமில்லை.

தொண்ணூற்றேழு வைகாசியில் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு வாசிக்கக் கேட்டார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு, பனையோலைப் பந்தலுக்குள் உட்கார்ந்து, சகானா ராகத்தை எடுத்தார். சகானா இரக்கமான ராகம். யாரோ தலையைத் தடவி, சரி, போகட்டும் விடு என்று சொல்வதுபோல இருக்கும். பந்தலில் இருந்த சனத்துக்கு அன்றைக்கு அது வேண்டியிருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராகம் விரிந்து இறங்கிவருகிற நேரத்தில், மேற்குப் பக்கம் எங்கேயோ ஷெல் விழுந்தது. தூரத்தில்தான். பந்தலில் ஒருவரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. தில்லைநாதனின் விரல் மட்டும் திடுக்கிட்டது. காந்தாரத்தில் நிற்கவேண்டிய விரல், கம்பியில் ஒரு விரலகலம் வழுக்கி, கீழே இருக்கிற மற்றக் காந்தாரத்தில் விழுந்து, பதறியடித்து மேலே ஏறியது. சகானாவுக்குள் வர அந்தச் சுரத்துக்கு உரிமையே கிடையாது. அவர் வில்லை எடுத்துவிட்டார். மூன்று விநாடி இருக்கும். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்து வாசித்து முடித்தார். ஆட்கள் வந்து கைகூப்பி, கண் கலங்கிப் போனார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. ஐம்பத்தேழு வயதில் முதற்பிழை, அதுவும் பயத்தில் விட்ட பிழை.

அதோடு போயிருந்தால் அவரும் மறந்திருப்பார். ஆனால் பந்தல் மூலையில் ஒலிபெருக்கிக்கார மாயாண்டி தன் கசெற் ரெக்கோடரைப் போட்டு விட்டிருந்தான்.

மாயாண்டி மலைநாட்டுக்காரன். எழுபத்தேழுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து வன்னியில் வேர்விட்டவன். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவனுடைய ஒலிபெருக்கிக் குழாய்தான் கட்டப்படும். மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடுகிற ஜெனரேற்றர் ஒன்றும் வைத்திருந்தான். யாரும் இறந்துபோனால் லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவுயந்திரத்தில் குழாயைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அறிவிப்பதும் அவன்தான். அந்த நாட்களில் அந்த வேலைக்கு ஓய்வே இருக்கவில்லை. இயக்கத்துப் பிள்ளைகள், ஷெல்லில் போனவர்கள், மலேரியாவில் போனவர்கள், கடலில் போனவர்கள் என்று பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன. அறிவிப்புக்கு முன்னால் போட அவனுக்கு ஓர் இசை வேண்டியிருந்தது. தேவாரம் போட்டால் வேதக்காரரான கிறிஸ்தவர் வீட்டுக்குப் பொருந்தாது. வேதப்பாட்டுப் போட்டால் சைவக்காரர் முகம் சுளிப்பார்கள். சொல்லில்லாத வயலின் எல்லாருக்கும் பொருந்தியது.

இதெல்லாம் தில்லைநாதனுக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து விசுவமடுவில் தெரிந்தவர் ஒருவரின் செத்தவீட்டுக்குப் போனபோதுதான், படலையில் கால் வைக்கும்போதே தன் சகானாவைக் கேட்டார். முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்வானேன், அந்த மனுஷருக்குப் புகழ் பிடிக்கும். குழாய்க்கு நேர் கீழே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது அந்த இடம் வந்தது. விரல் வழுக்கியது, பதறி ஏறியது, வில் நின்றது. அந்த மூன்று விநாடி வெறுமைக்குள் மாயாண்டி ஒலிவாங்கியைப் பிடித்து, இறந்தவரின் பெயரைச் சொன்னான். பந்தல் முழுக்க 'ஐயோ' என்று எழும்பியது.

தில்லைநாதனுக்குக் காது இரண்டும் எரிந்தன.

"மாயாண்டி, அதிலை ஒரு பிழை கிடக்கு" என்றார், அவனைத் தனியாகக் கூப்பிட்டு.

"பிழைங்களா? எந்த எடத்துலங்க?"

"நீர் பேர் சொல்லுறதுக்குக் கொஞ்சம் முன்னாலை."

மாயாண்டியின் முகம் மலர்ந்தது. "அதுங்களா! அது விக்குற எடமுங்க ஐயா. அதக் கேட்டாத்தான் சனத்துக்கு அழுகையே வருது. வயலினே விக்கி விக்கி அழுவுதேன்னு கேக்குறாங்க. அப்புறம் நீங்க ஒரு எடம் விட்டீங்க பாருங்க, பேரு சொல்றதுக்குன்னே விட்டமாதிரி, அப்பிடி ஒரு எடம்!"

விக்குகிற இடம். வன்னி முழுக்க அந்தப் பெயர் பரவியிருந்தது. பெண்கள் கிணற்றடியில் அந்த இடத்தை முணுமுணுத்தார்கள், பிழையோடு. ஒருநாள் அவருடைய கொட்டிலுக்குப் பின்னால் மாடு அவிழ்த்துக்கொண்டு போனவர் அதைச் சீழ்க்கையடித்துக்கொண்டு போனார், பிழையோடு. நாற்பது வருஷம் அவர் சுத்தமாக வாசித்த ஒன்றையும் யாரும் முணுமுணுத்ததில்லை. புதுக்குடியிருப்பில் ஒரு கலியாணத்துக்குக் கேட்டவர்கள் பிறகு வந்து, "குறை நினையாதேங்கோ மாஸ்டர், உங்கடை வயலினைக் கேட்டால் ஆக்களுக்குச் செத்தவீட்டு நினைப்பு வரும்" என்று மறித்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

"அழுகிற சனத்துக்கு ஒரு ஆறுதல். விடுங்கோவன்" என்றாள் விமலேஸ்வரி.

"நீர் பேசாமல் இரும். நாளைக்கு நான் செத்தாலும் உந்தப் பிழையைத்தான் போடுவான்."

ஒரு வருஷத்துக்கு மேலாக மாயாண்டியை விடாமல் பிடித்தார். திரும்ப ஒருமுறை பதியவேண்டும், அவ்வளவுதான். மாயாண்டி இன்றைக்கு நாளைக்கு என்று கடத்திப் பார்த்தான். கடைசியில் தொண்ணூற்றெட்டுக் கார்த்திகையில், இந்த மனுஷனிடமிருந்து தப்ப முடியாது என்று ஜெனரேற்றரோடு வந்து இறங்கினான். வெறும் கசெற் எங்கும் கிடையாது. ஒரு சினிமாப் பாட்டுக் கசெற்றைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"இதுல பதிவோமுங்க. பழசும் இருக்கட்டும்."

"இல்லை. பழசுக்கு மேலையே பதியும்."

"ஐயா, அது அழிஞ்சிருமுங்க."

"அழியத்தானே வேணும்!"

மாயாண்டி விமலேஸ்வரியைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லைநாதன் வாசித்தார். இருபத்திரண்டு நிமிஷம், ஒரு மாசு மறு இல்லை. எல்லாக் காந்தாரமும் நிற்கவேண்டிய இடத்தில் நின்றன. போட்டுக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து மூடியிலிருந்த துண்டைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு நல்ல நித்திரை.

ஒரு கிழமை கழித்துச் சந்தையில் கண்டபோது மாயாண்டி தலையைச் சொறிந்தான். "நல்லாத்தான் இருக்குங்க. ஆனா பேரு சொல்ல எடமே இல்லீங்க. வாசிப்பு மேலயே சொல்ல வேண்டியிருக்கு."

"பழகிப்போம்" என்றார் தில்லைநாதன்.

மார்கிறட் தை மாதக் கடைசியில் வந்தாள். முல்லைத்தீவுக் கரைப்பக்கமிருந்து பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்துக் கொட்டிலைக் கண்டுபிடித்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெயிலில் கறுத்து மெலிந்த மனுஷி. உள்ளே வந்து இருக்கச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள்.

"நீங்கள்தானோ ஐயா வயலின் வாசிக்கிறது?"

"ஓம். சொல்லுங்கோ."

"என்ரை மகன் நிறோஜன், போன மாசியிலை கடலுக்குப் போனவன். நேவி சுட்டது. வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது, அவன் வரேல்லை. இருபது வயசு." இதை அவள் பல தடவை சொல்லிப் பழகியிருந்தாள், குரல் இடறவில்லை. "உடம்பு இல்லையெண்டபடியால் பெட்டி இல்லை. குழி இல்லை. பங்குச் சுவாமியார் பூசை வைச்சவர்தான், ஆனால் எனக்கு அவன் செத்தவனெண்டு மனம் நம்பேல்லை ஐயா. அடுப்பிலை அவன்ரை பங்குச் சோத்தை வைச்சுக்கொண்டு இருந்தனான். ஒன்பதாம் நாள் மாயாண்டியண்ணை லான்ட்மாஸ்டரிலை வந்தார். உங்கடை வயலின் கேட்டுது. அந்த விக்கிற இடம் வந்து நிண்டுது. அவன்ரை பேரைச் சொன்னார். அப்பதான் எனக்கு விளங்கினது. அப்பதான் அழுதனான்."

விமலேஸ்வரி இடியப்ப உரலைக் கீழே வைத்தாள்.

"இப்ப ஆண்டு வருகுது. எனக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தவும் ஒரு இடம் இல்லை. அந்த வயலினை எண்டாலும் ஒருக்காப் போட்டுவிடுங்கோ அண்ணை எண்டு கேட்டனான். அவர் போட்டார். இது அது இல்லை ஐயா. அந்த இடம் வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன், வரேல்லை. அவர் சொன்னார், அது உங்களட்டைத்தான் கேக்கவேணுமாம்." அவள் முதல்முறையாக அவர் முகத்தை நேரே பார்த்தாள். "அந்த இடத்தை எங்கை ஐயா வைச்சிருக்கிறீங்கள்?"

தில்லைநாதன் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அது பிழை அம்மா, அந்தர காந்தாரம் வரவேண்டிய இடத்தில் சாதாரண காந்தாரம் விழுந்துவிட்டது என்று இந்தத் தாய்க்கு எப்படிச் சொல்வது? ஒரு பிள்ளைக்கு இருந்த ஒரேயொரு குழியை அவர் தோண்டி எறிந்துவிட்டிருந்தார்.

"ஆண்டு எப்ப?"

"மாசி பதினாலு."

"நான் வந்து வாசிக்கிறன். அதே மாதிரி."

அடுத்த நாள் காலையே தொடங்கினார். பிழை விடுவதில் என்ன கஷ்டம், படிக்கத் தொடங்கின பிள்ளைகள் நிமிஷத்துக்கு நாலு விடுவார்கள். அந்த இடம் வந்ததும் விரலைக் கீழே இறக்கிச் சாதாரண காந்தாரத்தில் வைத்தார். அது அழகாக, உருண்டையாக, இம்மி பிசகாமல் பேசியது.

"இது வேறை ராகமாயெல்லோ கிடக்கு" என்றாள் விமலேஸ்வரி குசினிக்குள் இருந்து.

வேறு ராகம்தான். அந்தச் சுரத்தை அவர் அவ்வளவு சுத்தமாகப் பிடித்தார். விரலை விரைவாக இழுத்துப் பார்த்தார், மெதுவாக வழுக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். பத்து நாள் இதே வேலை. இரண்டாவது கிழமையில் விமலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பிழை விடவும் உங்களுக்குச் சுத்தமாத்தான் வருகுது!" என்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

ஒருநாள் முற்பகலில் ஷெல் சத்தம் கேட்டது. பொங்கலன்றைக்கு விழுந்ததைவிடக் கிட்டத்தில். தில்லைநாதன் ஓடிப்போய் வயலினை எடுத்தார். பதுங்குகுழிக்குள் வரச்சொல்லி விமலேஸ்வரி கத்தக் கத்த, சகானாவை எடுத்து அந்த இடத்துக்கு இறங்கினார். அடுத்த ஷெல் விழுந்தது. விரல் அசையவில்லை. ஒன்றரை வருஷத்தில் அதற்கும் பழகிப்போயிருந்தது. உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பயந்துபோய்த்தான் இருந்தார், ஆனால் விரலுக்குள் அந்தப் பயம் இறங்கவில்லை.

மாசி பதினாலு காலையில் தில்லைநாதனும் மாயாண்டியும் லான்ட்மாஸ்டரில் ஏறிப் போனார்கள். மார்கிறட்டின் வீடு கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. முற்றத்தில் கவிழ்த்த வள்ளம் ஒன்று கிடந்தது. அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, நிறோஜனின் படத்தை வைத்து, இரண்டு மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். காற்றுக்கு அவை அணைந்தணைந்து போக, யாரோ ஒருத்தி திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டிருந்தாள். படத்தில் பையன் அடையாள அட்டைக்கு எடுத்த முகத்தோடு விறைப்பாக இருந்தான். சுவாமி வந்து செபித்துப் போயிருந்தார். பத்திருபது பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

மாயாண்டி குழாயை வழமைபோல வீட்டுப் பக்கம் பார்த்துக் கட்டினான்.

"அண்ணை, கடல் பக்கம் திருப்பிக் கட்டுங்கோ" என்றாள் மார்கிறட். "அவன் அங்கைதானே."

தில்லைநாதன் பாயில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். மூடியைப் பார்க்காமல் வயலினை எடுத்தார். சகானா கடலை நோக்கிப் போனது. அவர் அந்த ராகத்தை அதற்கு முன்னும் பின்னும் அப்படி வாசித்ததில்லை என்று மாயாண்டி பிறகு சொல்லித் திரிந்தான். மெதுவாக, ஒவ்வொரு சுரத்தையும் கையில் ஏந்திக் கொடுப்பதுபோல வாசித்தார். மேலே போய், திரும்பி, இறங்கத் தொடங்கினார். மார்கிறட் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய இரண்டு கையும் மடியில் விரிந்து கிடந்தன, எதையோ வாங்கிக்கொள்ள வைத்திருப்பதுபோல.

இடம் வந்தது. இந்த ஒருதரம், இந்த ஒருதரம் மட்டும் என்று அவர் மனத்துக்குள் கெஞ்சினார். விரலை விட்டார். அது வழுக்கி, கீழ்க் காந்தாரத்தில் போய் நின்றது. எங்கே நிற்கவேண்டும் என்று நாற்பது வருஷம் படித்த விரல், அச்சொட்டாக நடுவில் நின்றது. பிறகு ஒழுங்காக மேலே ஏறியது. அவர் வில்லை எடுத்தார்.

"நிறோஜன்" என்றான் மாயாண்டி அந்த வெறுமைக்குள். "இன்னாசித்தம்பி நிறோஜன்."

மார்கிறட் கண்ணைத் திறந்தாள். ஒரு கணம் தில்லைநாதனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. படலையில் ஆள் அரவம் கேட்டு எட்டிப் பார்த்து, வேறு யாரோ என்று கண்டவளின் முகம் அது. பிறகு திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அழவில்லை.

முடிந்ததும் எழுந்து வந்து அவருடைய வலதுகையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இதுதான் ஐயா. இதேதான்" என்றாள். "இவ்வளவு தூரம் வந்து வாசிச்சீங்கள். ஆண்டவர் உங்களைக் காப்பாத்துவார்."

சுற்றியிருந்தவர்களும் ஓம் ஓம் என்றார்கள். தில்லைநாதன் தலையை ஆட்டினார். அவருடைய காது நல்ல காது. ஒரு தந்தி இறங்கியிருந்தாலும் அதற்குத் தெரியும், ஒரு மனுஷி இரக்கப்பட்டுப் பொய் சொன்னாலும் தெரியும். புறப்படும்போது அவள் ஒரு பையில் கருவாடு போட்டுக் கொடுத்தாள். மீன் மச்சம் தொடாத மனுஷர், அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது வெயில் இன்னும் இருந்தது. விமலேஸ்வரி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பையையும் அவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சுளகை மடியில் வைத்தாள்.

"என்னப்பா? எப்பிடிப் போச்சுது?"

தில்லைநாதன் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே குந்தினார். சொல்லத் தொடங்கியபோது அவருக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது.

"சரியா வாசிச்சுப்போட்டன், விமலா" என்றார். "முழுக்கச் சரியா வாசிச்சுப்போட்டன்."